புதுக்கோட்டைக்குக் கடல் இருக்குங்க!

"அத்தை, கல்யாண நாளுக்கு எங்க போனீங்க?"

"பீச்சுக்கு."

"சென்னைக்கு வந்துட்டு எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"சென்னை இல்லடி. இங்கதான், நம்ம மாவட்டத்துலயே."

"புதுக்கோட்டையில கடலா? காமெடி பண்ணாதீங்க அத்தை."

போனை வெச்சதும் வந்துச்சு பாருங்க ஒரு கோவம். இவ என் நாத்தனார் பொண்ணு. அம்மா வழியில பாத்தா புதுக்கோட்டைக்காரிதான். இவளுக்கே தெரியலைன்னா மத்தவங்களை என்ன சொல்றது? "புதுக்கோட்டையில பாக்க வேண்டிய இடங்கள்"னு யார் எழுதினாலும் அதே பட்டியல்தான். சித்தன்னவாசல், திருமயம் கோட்டை, குடுமியான்மலை, நார்த்தாமலை, விராலிமலை மயிலு. எல்லாம் அருமையான இடம், நான் இல்லேங்கல. ஆனா மயிலைத் தவிர மத்ததெல்லாம் கல்லு. எங்க ஊருன்னா கல்லுதான்னு முடிவு பண்ணிட்டாங்க போல.

வடக்க கட்டுமாவடியில ஆரம்பிச்சு மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல்னு தெக்க சுமார் 40 கிலோமீட்டருக்குக் கடற்கரை இருக்குங்க எங்களுக்கு. கிழக்குக் கடற்கரைச் சாலை இந்த ஊருங்க வழியாத்தான் ராமநாதபுரம் போகுது. கார்ல சர்ருன்னு போறவங்க இதைத் தாண்டித்தான் ராமேஸ்வரம் போறாங்க. யாரும் நிக்கிறதில்ல, அவ்வளவுதான்.

சரி, அவளையும் முழுசாக் குத்தம் சொல்ல முடியாது. தொண்டைமான் ராஜாக்கள் ஆண்ட புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குக் கடலே கிடையாது. சுத்தி நிலம்தான். 1948 மார்ச்ல சமஸ்தானம் இந்தியாவோட சேந்து, திருச்சி மாவட்டத்துக்குள்ள போயிருச்சு. அப்புறம் 1974 ஜனவரி 14ஆம் தேதி புதுக்கோட்டையைத் தனி மாவட்டமா ஆக்குனப்பதான் தஞ்சாவூர் மாவட்டத்துலேர்ந்து அறந்தாங்கிப் பக்கத்தைப் பிரிச்சு எங்களோட சேத்தாங்க. கூடவே கடலும் வந்துச்சு. பொங்கல் அன்னைக்குப் பொறந்த வீட்டுலேர்ந்து வர்ற சீரு மாதிரி!

இப்ப கதைக்கு வர்றேன்.

பசங்க ரெண்டு பேரும் பெங்களூர்ல. கல்யாண நாளுக்குப் பாண்டிச்சேரியில ரூம் போட்டுத் தர்றோம், கடலைப் பாத்த ரூம், காலையில பஃபேன்னு ஒரே பாசம். எங்க வீட்டுக்காரர் கேட்டது ஒரே கேள்வி: "ரூமுக்குள்ள உக்காந்து கடலைப் பாக்கறதுக்கு எதுக்குடா அவ்வளவு துட்டு?" (பொதுப்பணித்துறையில ஓவர்சியரா இருந்து ரிட்டயர் ஆனவர். எதுக்கும் எஸ்டிமேட் போடுவார்.) எனக்கும் பாண்டி மேல பெரிய ஆசை ஒண்ணும் இல்ல. இந்த வயசுல ராக் பீச்ல நின்னு செல்ஃபி எடுத்து நான் யாருக்குக் காட்டப்போறேன்?

அதனால பஸ்ஸுலயே நம்ம கடலைப் பாத்துட்டு வந்துடலாம்னு முடிவாச்சு. முந்தின நாள் ராத்திரி ஒரு தாள்ல டைம்டேபிள் போட்டார். ஆவுடையார்கோயில் இத்தனை மணி, திருப்புனவாசல் கோயில் இத்தனை மணி, சாப்பாடு இத்தனை மணி. அஞ்சஞ்சு நிமிஷமாப் பிரிச்சு வெச்சிருந்தார். நான் ஒண்ணும் சொல்லல. அந்தத் தாளோட ஆயுசு எவ்வளவுன்னு எனக்குத் தெரியும்.

அறந்தாங்கி வரைக்கும் ரெண்டு பேருக்கும் டிக்கெட். அங்கேர்ந்து ஆவுடையார்கோயிலுக்கு டவுன் பஸ். 2021லேர்ந்து டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு ஓசிதானே, கண்டக்டர் எனக்கு இலவசச் சீட்டைக் கிழிச்சுக் குடுத்துட்டு இவர்கிட்ட மட்டும் காசு வாங்கினார். வழி முழுக்க அந்தச் சீட்டைக் கையில பிடிச்சுக் காத்தாட வெச்சுக்கிட்டே வந்தேன். "இந்தப் பயணத்துக்கு ஸ்பான்சர் யாரு தெரியுமா?"ன்னு வேற கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டார். (பத்து ரூபாய் சமாச்சாரம்தான். சந்தோஷம் அதுக்கு மேல.)

அறந்தாங்கியிலேர்ந்து சுமார் 14 கிலோமீட்டர். கஜா புயல் அடிச்சது 2018 நவம்பர்ல. அன்னைக்கு இந்தப் பக்கம் படுத்த தென்னைக்குக் கணக்கே கிடையாது. இப்ப புதுசா வெச்ச கன்னெல்லாம் எழும்பி நிக்குது. பாக்க நல்லா இருக்கு.

ஆவுடையார்கோயிலுக்குப் பழைய பேரு திருப்பெருந்துறை. மாணிக்கவாசகர் ஊரு. பொறந்த ஊர் இல்ல, மாட்டிக்கிட்ட ஊரு. அவரும் எங்களப் போலவே கடலுக்குன்னு கிளம்பினவர்தான். பாண்டிய ராஜாவுக்கு மந்திரி. கீழக்கடற்கரையில கப்பல்ல வந்து குதிரை இறங்குது, போய் வாங்கிட்டு வாங்கன்னு கஜானா பணத்தைக் குடுத்து அனுப்புறார் ராஜா. போற வழியில இங்க ஒரு மரத்தடியில குரு உக்காந்திருக்கார், இவர் கால்ல விழுந்தார், அவ்வளவுதான், கடலும் மறந்துச்சு, குதிரையும் மறந்துச்சு. கொண்டுவந்த பணம் மொத்தமும் கோயிலுக்கும் அடியாருக்கும் போயிருச்சு. அப்புறம் ராஜா கூப்பிட்டு அனுப்புனது, நரியெல்லாம் பரியானது, ராத்திரி அத்தனையும் மறுபடி நரியாகி ஊளையிட்டது, வைகையில வெள்ளம் வந்ததுன்னு கதை நீளும். திருவாசகப் புத்தகத்தைப் பிரிச்சா சிவபுராணத்துக்கு மேலயே "திருப்பெருந்துறையில் அருளியது"ன்னு போட்டிருக்கும்.

எங்க வீட்டுக்காரருக்கு இந்தக் கதையில ஒரே ஒரு விஷயம்தான் உறுத்தும். "குதிரைக்கு ஒதுக்கின ஃபண்டை எடுத்துக் கோயில் கட்டுனா, ஆடிட்ல என்ன எழுதுவாங்க தெரியுமா?"

தெரியாது. தெரிஞ்சுக்கவும் வேண்டாம்.

உள்ள போனா, நாம வழக்கமா சிவன் கோயில்ல பாக்கறது ஒண்ணொண்ணா இல்ல. கொடிமரம் இல்ல. நந்தி இல்ல. கருவறையில லிங்கமே இல்லைங்க. ஆவுடை மட்டும்தான், அதுக்கு மேல ஒண்ணும் கிடையாது. சாமி பேரு ஆத்மநாதர். ஆத்மாவுக்கு ஏது உருவம்னு விட்டுட்டாங்க. சன்னதி தெக்கப் பாத்து இருக்கு. அம்பாள் யோகாம்பாளுக்கும் சிலை கிடையாது, பாதம் மட்டும். அதையும் கல்லு ஜன்னல் துவாரம் வழியாத்தான் எட்டிப் பாக்கணும்.

நைவேத்தியம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. புழுங்கல் அரிசிச் சோத்தை வடிச்சுச் சுடச்சுடக் கொண்டாந்து, சாமிக்கு முன்னாடி இருக்கிற கல் மேடையில கொட்டிப் பரப்புவாங்க. கூடவே கீரை, பாகற்காய். அந்தச் சோத்துலேர்ந்து எழும்புற ஆவிதான் சாமிக்கு. மத்த கோயில்ல பச்சரிசிதானே, இங்க புழுங்கல்! நம்ம வீட்டுச் சாப்பாடேதான்.

ஆவியைச் சாமிக்கு விட்டுட்டு சோத்தை மத்தவங்க சாப்பிடுறதுங்கிறது எனக்கு நல்லாவே தெரிஞ்ச ஏற்பாடு. எங்க வீட்டுல எத்தனையோ வருஷமா அப்படித்தான் நடக்குது. அடுப்படியில நிக்கிறவளுக்குத்தான் ஆவி. ஆனா எனக்கு யாரும் கோயில் கட்டல. (இதைச் சன்னதியிலயே மெதுவாச் சொன்னேன். பக்கத்துல நின்ன ஒரு அம்மா சிரிச்சுட்டாங்க. இவர் காது கேக்காத மாதிரி நின்னார்.)

அப்புறம்தான் டைம்டேபிள் செத்துச்சு.

காரணம் கூரை. ஆவுடையார்கோயில் கொடுங்கைன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. மண்டபத்து ஓரத்துல வளைஞ்சு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கிற கல் தாழ்வாரம். அண்ணாந்து பாத்தா மரக்கூரைன்னு சத்தியம் பண்ணுவீங்க. கைமரம் ஓடுது, குறுக்குச் சட்டம் ஓடுது, சேர்ற இடத்துல குமிழ் ஆணி அடிச்சிருக்கு. அத்தனையும் கருங்கல்லு! ஆணியும் கல்லு, கம்பியும் கல்லு. அந்தக் காலத்துச் சிற்பிங்க வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது, "ஆவுடையார்கோயில் கொடுங்கையும் தாரமங்கலம் தூணும் நீங்கலா மத்தது எது வேணா செஞ்சு தர்றோம்"னு எழுதுவாங்கன்னு ஒரு பேச்சு உண்டு. வெள்ளைக்கார அதிகாரி ஒருத்தன் இது கல்லுதானான்னு நம்பாம துப்பாக்கியால சுட்டுப் பாத்தான்னு சொல்லி ஓட்டையையும் காட்டுவாங்க. சுட்டானோ இல்லையோ, சுடத் தோணும், அதுல சந்தேகமே இல்ல.

நான் சொன்னேனே, இவர் ஓவர்சியர்னு. ஒரு தூணுல சாஞ்சு நின்னுக்கிட்டு மேல பாக்க ஆரம்பிச்சவர், நகரவே இல்ல.

"இங்க பாரும்மா, இந்த ஜாயின்ட்டைப் பாரேன். எங்க சேருதுன்னே தெரியல."

"பாத்தேங்க."

"ஒரு இடத்துல உளி தப்பியிருந்தாலும் முழுக் கல்லும் வேஸ்ட்டு."

"ஆமாங்க."

நான் ஒரு சுத்து சுத்தி வந்தேன். வீரபத்திரர், காளி, குறவன் குறத்தி, குதிரை மேல ஜம்முனு வர்ற சிவன். (மாணிக்கவாசகருக்காகக் குதிரை வியாபாரியா வேஷம் கட்டினவர் ஆச்சே.) கல்லுச் சங்கிலி வளையம் எண்ணினேன். திரும்பி வந்தா அதே தூணு, அதே ஆளு, வாய் மட்டும் இன்னும் கொஞ்சம் தொறந்திருந்துச்சு. வேலை பாத்த காலத்துல எத்தனையோ கட்டடத்தைக் கட்டினவர், ஆனா எதைப் பத்தியும் இவ்வளவு நேரம் என்கிட்டப் பேசினதில்ல. அன்னைக்குப் பேசினார். ராஃப்டர்னா என்ன, பர்லின்னா என்ன, பாரம் எப்படி இறங்கும்னு. பாதி புரியல. ஆனா கேட்டுக்கிட்டே இருந்தேன்.

உச்சிவேளைக்கு நடை சாத்திட்டாங்க. இல்லேன்னா கடலே பாத்திருக்க மாட்டோம். நாங்களும் மாணிக்கவாசகர் வழிதான் போயிருப்போம், என்ன, பாட்டு வந்திருக்காது.

மீமிசலுக்கு பஸ் வர்றதுக்குள்ள டீ குடிச்சு, மோர் குடிச்சு, இவர் கழுத்து வலிக்குத் தைலமும் தடவியாச்சு. திருப்புனவாசல் அதோட காலி.

மீமிசல்ல சின்னதா ஒரு மெஸ். பலகையில எழுதி வெச்ச மெனு எல்லாம் கிடையாது. "இன்னைக்கு செவ்வாக்கிழமை, போட்டு மீனு இருக்கு"ன்னு அந்தம்மா சொன்னாங்க. கிழமைக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்காதீங்க. இந்தக் கரையில விசைப்படகு (அதான் போட்டு) திங்கள், புதன், சனிதான் போகும். போனா மறுநாள் காலையிலதான் கரைக்கு வரும். மத்த நாள் நாட்டுப்படகுக்கு. ரெண்டும் ஒண்ணா இறங்கினா விசைப்படகு மடியில நாட்டுப்படகுக்காரன் வலை அறுந்து போகும், அதான் ஏற்பாடு. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு போகவே கூடாது, மீன்பிடித் தடைக்காலம்.

நகரை மீன் குழம்பு, கணவாய் வறுவல். பாகற்காயைச் சாமிக்கு விட்டுட்டோம். அந்தக் குழம்பைப் பத்தி ஒரு பதிவே தனியா எழுதலாம். புளி கம்மி, தேங்காய் கம்மி, மீனோட ருசி மட்டும் தூக்கலா. இவர் மூணாவது தடவை சோறு கேட்டப்ப அந்தம்மா என்னைப் பாத்து, "வீட்டுல போடறதில்லையாக்கா?"ன்னாங்க. மானமே போச்சு.

மீமிசல்லேர்ந்து வடக்க வந்தா ரோட்டுக்குக் கடல் பக்கமா இறால் குட்டை. தண்ணிக்குள்ள சக்கரம் சுத்திக்கிட்டே இருக்கும், இறாலுக்கு மூச்சு முட்டாம இருக்க. அதைத் தாண்டினா ஜெகதாப்பட்டினம்.

இங்கதான் ஒரு விஷயம் சொல்லணும். இது சுத்திப் பாக்குற கடற்கரை இல்லீங்க. சுண்டல் கிடையாது, பலூன் சுடுற கடை கிடையாது, குதிரை சவாரி கிடையாது (குதிரைன்னாலே இந்தப் பக்கம் பிரச்சனைதான்). வேலை செய்யிற கடற்கரை. நாங்க போகும்போது காலை ஏலம் முடிஞ்சு போச்சு. வரிசையா விசைப்படகு, ஐஸ் உடைச்ச தண்ணி ஓடுது, டீசல் வாசனையும் கருவாட்டு வாசனையும் ஒண்ணாக் கலந்து வருது. நிழல்ல ஒரு அஞ்சாறு பேர் உக்காந்து வலையில கிழிசலைப் பின்னிக்கிட்டு இருந்தாங்க. நாங்க சும்மா வேடிக்கை பாக்க வந்தோம்னு சொன்னதும் ஒருத்தர், "இங்க பாக்க என்னம்மா இருக்கு?"ன்னு நிஜமாவே ஆச்சரியப்பட்டார். ஆனாலும் ஒரு பெட்டியைக் கவுத்துப் போட்டு உக்காரச் சொன்னார்.

இவர் வலை கண்ணு அளவு கேக்க ஆரம்பிச்சார். (நான் தலையில கையை வெச்சுக்கிட்டேன். இன்னொரு கொடுங்கை!) பேச்சு எப்படியோ கச்சத்தீவு பக்கம் போச்சு. இங்க எந்தப் பேச்சும் கடைசியில அங்கதான் போகும். எல்லை தாண்டிட்டீங்கன்னு இலங்கைக் கடற்படை பிடிக்கிறது, ஆளு திரும்பி வந்தாலும் போட்டு திரும்பி வராதது. 2021 அக்டோபர்ல இலங்கைக் கடற்படைக் கப்பல் மோதிப் படகு மூழ்கி, கோட்டைப்பட்டினத்துப் பையன் ஒருத்தன் செத்தே போனான். அந்தப் பக்கம் இருக்கிற தமிழ் மீனவங்களுக்கும் இழுவை மடி மேல கோவம் இருக்கு, அதுலயும் நியாயம் இருக்குன்னு அவரே சொன்னார். சொல்லிட்டு மறுபடி வலையை எடுத்துக்கிட்டார். நாங்க ரெண்டு பேரும் அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல.

கோட்டைப்பட்டினத்துல இறங்கி டீ. ராவுத்தர் அப்பா தர்கா வாசல்ல கொஞ்ச நேரம் நின்னோம். அப்புறம் மணமேல்குடி பஸ். இந்த ஊர்தான் குலச்சிறை நாயனார் ஊரு. அவரும் பாண்டிய ராஜாவுக்கு மந்திரி! இந்தப் பக்கம் ரெண்டு மந்திரிங்களும் சாமிகிட்டப் போயிட்டாங்க, பாண்டிய நாட்டுல ஃபைலை யார் பாத்தாங்களோ. மணமேல்குடிக்குக் கிட்டத்தான் வெள்ளாறும் கடல்ல சேருது. ஒரு காலத்துல சோழ நாட்டுக்கும் பாண்டிய நாட்டுக்கும் இதுதான் எல்லை.

கடற்கரைக்கு ஷேர் ஆட்டோ. இங்கயும் கோடியக்கரைன்னுதான் சொல்றாங்க (வேதாரண்யம் பக்கம் இருக்கிறது வேற, அங்க போய் இறங்கிடாதீங்க). ஆடி அமாவாசை, தை அமாவாசைன்னா ஜனம் தாங்காது. சாதாரண நாள்ல ஈ காக்கா இல்ல.

அலையும் இல்ல!

பாக் ஜலசந்தி இல்லையா, எதிர்ல இலங்கை மறைச்சுக்கிட்டு இருக்கு. ஆழமும் கம்மி. 2004 சுனாமியில நாகப்பட்டினம் பட்ட பாட்டை இந்தக் கரை படாததுக்கு அந்த மறைப்பும் ஒரு காரணம். இவர் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு இறங்கி நடந்தார். நடந்தார், நடந்தார், நடந்துகிட்டே இருந்தார். தண்ணி முழங்காலைத் தாண்டல. "பாஸ்போர்ட் எடுத்துட்டுப் போங்க"ன்னு கரையிலேர்ந்து கத்தினேன். நானும் கொஞ்ச தூரம் போனேன். காலுக்கடியில மணலை விடச் சேறுதான் அதிகம். விரலுக்கு நடுவுல புளுக்குன்னு ஏறும். ஒதுங்கிக் கிடக்கிற கடல்புல்லு காலைச் சுத்தும். எனக்குக் கூச்சமா இருந்துச்சு, ஆனா அந்தப் புல்லுதான் கடல்பசுவோட சாப்பாடு. தஞ்சாவூர், புதுக்கோட்டை ரெண்டு மாவட்டத்துக் கடலையும் சேத்து 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பர்ல கடல்பசுப் பாதுகாப்பகமா அறிவிச்சிருக்கு நம்ம அரசாங்கம். இந்தியாவுலயே இதுதான் முதல். யாராவது இனிமே "புதுக்கோட்டையில என்ன இருக்கு"ன்னு கேட்டா, சைவச் சாப்பாடு சாப்பிடுற கடல்பசு இருக்குன்னு சொல்லப்போறேன்.

கடல்பசுவுக்கு இடம் ஒதுக்கினவங்க பொம்பளைங்களுக்கு ஒரு கழிவறை ஒதுக்கக் கூடாதா? கோயிலை விட்டுக் கிளம்பினதுலேர்ந்து நான் தண்ணி குடிச்சது அளந்து அளந்துதான். கடைசியில ஒரு வீட்டுல கேட்டு, அந்த வீட்டுப் பாட்டி உள்ள கூட்டிட்டுப் போனாங்க, மகராசி. இந்தக் கரையை மெரினாவா ஆக்க வேணாம், ரிசார்ட்டு வேணாம், "ஐ லவ் மணமேல்குடி"ன்னு கலர் லைட் எழுத்தும் வேணவே வேணாம். பூட்டுப் போடாத ஒரு கழிவறை, உள்ள தண்ணி. போதும்.

திரும்பும்போது ரோட்டோரத்துல ஒரு அம்மாகிட்ட நண்டு வாங்கிட்டேன். பேரம் பேசல (இவர் பேசினார், தோத்தார்). தூக்குவாளி இல்லாததால பைக்குள்ள பையாப் போட்டுக் கட்டி, காலடியில வெச்சு அறந்தாங்கி பஸ் ஏறினா, பத்து நிமிஷத்துல பை தானா நகருது. முன் சீட்டுப் பையன் காலைத் தூக்கிக்கிட்டான். கண்டக்டர் குனிஞ்சு பாத்துட்டு, "உசுரோட இருக்கா? அப்ப அதுக்கும் டிக்கெட் போடணுமே"ன்னார். பஸ்ஸே சிரிச்சுது.

இப்ப வீட்டுல அடுத்த பஞ்சாயத்து ஓடிக்கிட்டு இருக்கு. எனக்குக் கட்டுமாவடிக்கு விடியக்காலையில போய் மீன் ஏலம் பாக்கணும். இவருக்கு விட்டுப்போன திருப்புனவாசல். அங்க லிங்கம் அவ்வளவு பெருசு. லிங்கத்துக்கு மூணு முழம், ஆவுடைக்கு முப்பது முழம் துணி வேணும்னு ஊர்ல சொல்லுவாங்க. லிங்கமே இல்லாத கோயிலைப் பாத்தாச்சு, இதையும் பாத்துடணும்ங்கிறார். ரெண்டையும் ஒரே நாள்ல முடிச்சுடலாம்னு மறுபடி தாளும் ஸ்கேலும் எடுத்து உக்காந்திருக்கார். நான் ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டிருக்கேன். ஏலம் முதல்ல, கோயில் அப்புறம். மாத்தி வெச்சா, இவர் தூணுல சாஞ்சு நிமிர்றதுக்குள்ள கட்டுமாவடியில கடைசி மீனும் வண்டி ஏறியிருக்கும்.